முச்சந்தியில் ஒரு பால்மாப் பேணி

1

ஊரிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: "அங்கே என்ன மலிவு?" சுகம் விசாரிப்பார்கள், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் யாருக்குக் கல்யாணம் என்று சொல்வார்கள், தண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வருவதைத் திட்டுவார்கள். பிறகு இந்தக் கேள்வி வரும். ஹொங்கொங்கில் இருப்பவன் கடைக்குள்ளேயே படுத்து எழும்புகிறான் என்று திருகோணமலையில் ஒரு நினைப்பு. அது முழுப் பொய்யும் அல்ல. நான் இருக்கும் சம் சுயி போ பகுதியில் கடைகளுக்கு மேலேதான் எல்லாரும் படுக்கிறோம்.

ஆகவே கேட்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். துண்டுத் துணி வேண்டுமென்றால் கீ லுங் தெரு. தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சியதை அங்கே குவித்து விற்பார்கள். ஒரு சட்டைக்குப் போதும், இரண்டு சட்டைக்குப் போதாது. அது அந்தத் துணியின் குணம். பொத்தான், ரிப்பன், சரிகை எல்லாம் யூ சாவ் தெரு. பழைய றேடியோ, பழைய மின்விசிறி, ஒற்றைச் சப்பாத்து வேண்டுமென்றால் அப் லியூ தெரு. போன கிழமை உங்கள் வீட்டில் களவு போனதை இந்தக் கிழமை அங்கே விலைக்கு வாங்கலாம் என்று இங்குள்ளவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். மீனும் மரக்கறியும் பெய் ஹோ தெரு. மீன் கண்ணெதிரே துள்ளவேண்டும். துள்ளாத மீனை இவர்கள் மீனாகவே மதிப்பதில்லை.

சம் சுயி போ என்றால் ஆழமான தண்ணீர்த் துறை என்று பொருளாம். திருகோணமலையில் பிறந்தவனிடமா இந்தக் கதை என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே கடலைத் தூர்த்துத் தூர்த்துத் தெருவாக்கிவிட்டார்கள். யுத்த காலத்தில் ஜப்பான்காரர் கைதிகளை அடைத்து வைத்த இராணுவ முகாம் இங்கேதான் இருந்தது. பிறகு எல்லை கடந்து ஓடிவந்த சனம் மலைச்சரிவு முழுக்கக் குடிசை போட்டது. யேசு பிறந்த நத்தார் இரவொன்றில் குடிசைகள் எரிந்து போகவே அரசாங்கம் அடுக்குமாடிகளைக் கட்டியது. அதற்காக மலையை வெட்டிய இடத்தில் இரண்டாயிரம் வருடத்துக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. கல்லறைக்கு வேலி போட்டுவிட்டு மாடிகளைக் கட்டி முடித்தார்கள். அந்த மாடி அறைகளில் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. இயந்திரங்களுக்காகத் துணிக்கடைகளும், துணிக்கடைகளுக்காகப் பொத்தான் கடைகளும் வந்தன. இதுதான் இந்தத் தெருக்களின் சரித்திரம்.

இந்த மாதம் எங்கள் பகுதிக்கு நிலத்தடி ரயில் வந்துவிட்டது. வருடக்கணக்காகத் தெருவை மறைத்து நின்ற பலகைகளைக் கழற்றினார்கள். நானும் என் மனைவி பாக்கியமும் எங்கள் மகள் சுமதியும் வேடிக்கை பார்க்கப் போனோம். மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் பாக்கியம் நின்றுவிட்டாள். என்ன என்று சுமதி கேட்டாள், சீனத்தில்தான். "உனக்கு நாவூறு கழிச்ச இடம்" என்றாள் பாக்கியம். நாவூறு என்றால் என்ன என்று கேட்டாள் இருபது வயதுப் பெண். எனக்குக் கோபம் வந்தது. யார்மீது கோபப்படுவது என்று தெரியாததால் இதை எழுதுகிறேன்.

2

கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் ஒப்படைத்துவிட்டுப் போன வருடம் நான் டொக்யாட் பண்டகசாலையில் இளம் எழுதுவினைஞன். அந்த நாட்களில் கப்பல் வந்தால்தான் திருகோணமலைக் கடைத்தெருவுக்குப் பொழுது விடியும். தையற்காரர், சலவைக்காரர், மதுக்கடைக்காரர், மாலுமிகளுக்கு ஆமையோட்டுச் சீப்பு விற்கிறவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். தளம் கைமாறியதும் ஒரே வருடத்தில் பாதிக் கடைகளில் பலகை சாத்தியிருந்தது. என்னிடம் சிங்களம் படித்துச் சோதனை எழுது, இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடையாது என்றார்கள். அடுத்த வருடக் கலவரத்தில் ஊரடங்கும் வந்தது. யன்னலைச் சாத்திக்கொண்டு, தெருவில் போகும் ஜீப்பின் சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் இருந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஹொங்கொங்கில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பனிக்குப் போயிருந்தார். அவர் கூப்பிட்டார். பண்டகசாலை இந்தப் பகுதித் துறையடியில் இருந்ததால் நானும் இங்கேயே அறை பிடித்தேன்.

முதல் நாட்கள் அவமானமான நாட்கள். உப்புக் கேட்டேன், சிகரெட் தந்தார்கள். தலையை ஆட்டி மறுத்தேன், தீப்பெட்டியும் தந்தார்கள். தெருவில் இறங்கினால் கறுப்பன் என்று கத்திக்கொண்டு பத்துப் பொடியன்கள் பின்னால் வருவார்கள். ஓர்ஸ் ஹில்லுக்குச் சைக்கிளில் பட்டுத்துணி மூட்டையோடு ஒரு சீனர் வருவாரே, அவருக்குப் பின்னால் நாங்கள் கத்திக்கொண்டு ஓடியதை நினைத்துக்கொள்வேன். அந்த மனிதர் ஒருநாளாவது திரும்பி முறைத்ததில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் முறைப்பேன்.

பாக்கியம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெருவில் மரியாதை வந்தது. அவள் நிலாவெளிக்காரி. ஆட்களை வைத்துக் கரைவலை இழுப்பிக்கும் சம்மாட்டியின் மகள். அலைச் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். மூன்று மாதத்தில் எண்களையும், "வா", "இரு", "குறைத்துத் தா" என்ற சொற்களையும் பிடித்துவிட்டாள். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் பேசினாள். பெய் ஹோ தெரு மீன்காரிகள் அவளோடு விலை பேசுவதற்கென்றே விலையை ஏற்றிச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, பெய் ஹோ தெருச் சந்தை வந்து முட்டும் முச்சந்தியில், மூலைக்கடை மொக் என்பவருடையது. பொத்தான் கடை. சுவர் முழுக்கச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்றைத் தைத்திருப்பார். அதிகம் பேசாத மெலிந்த மனிதர். சுமதி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் கடை வாசல்தான் அவளுக்கு விளையாட்டு இடம். அவருடைய மனைவி அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுப்பாள். அந்த வாசலில்தான் பிள்ளை சீனம் படித்தாள். அவள் முதல் பேசிய முழு வசனம் சீனத்தில் என்பதை ஊருக்கு எழுதும்போது மறைத்துவிட்டேன்.

3

சுமதிக்கு ஐந்து வயதான கோடைகாலத்தில், அதாவது அறுபத்தேழில், இந்த நகரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. வேலைநிறுத்தம், ஊர்வலம், கண்ணீர்ப்புகை, ஊரடங்கு என்று தொடங்கி வெடிகுண்டில் வந்து நின்றது. பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த இடதுசாரிகள் தெருவில் தகரப் பேணியாக, பெட்டியாக, காகிதப் பொட்டலமாக வைத்துவிட்டுப் போனார்கள். சிலதில் வெடிமருந்து இருக்கும், சிலதில் மண் இருக்கும். சனம் அவற்றை அன்னாசி என்று சொல்லும். கிட்ட வராதே என்று மேலே சீனத்தில் எழுதியிருப்பார்களாம். எனக்கும் பாக்கியத்துக்கும் அது வாசிக்கத் தெரியாது. ஆகவே எழுத்துள்ள எல்லாப் பெட்டிக்கும் பயந்தோம், சவர்க்காரப் பெட்டிக்கும் பயந்தோம்.

கடைகள் அரைக் கதவோடு வியாபாரம் செய்தன. வாங்க வருகிறவர்கள் விலை பேசாமல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. மொக்கின் தம்பி பஸ் சாரதி. வேலைநிறுத்தத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பொலிஸார் இரண்டு தடவை வந்து கடையின் இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். மொக்கும் மனைவியும் நிலத்தில் இருந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்ததைப் பாக்கியம் பார்த்துவிட்டு வந்து, தானும் போய்க் கூட இருந்து பிரித்தாள். நான் போகாதே என்றேன். அவள் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் சுமதிக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தோம், காய்ச்சல் விட்டது. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"பிள்ளைக்குக் கண் பட்டுட்டுது" என்றாள் பாக்கியம். "இந்தத் தெருவில ஒருத்தராவது அவளின்ர கன்னத்தைக் கிள்ளாமல் விட்டவையே?"

"டொக்டர் மருந்து தந்தவர்தானே?"

"அவர் காய்ச்சலுக்குத்தானே தந்தவர். கண்ணுக்குத் தந்தவரே?"

நாவூறு கழிப்பது நமக்குப் பெரிய விஷயம் இல்லை. செத்தல் மிளகாய், உப்பு, கடுகு, முச்சந்தி மண். கையில் பொத்திப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி, பிள்ளையை மூன்று தரம் துப்பச் சொல்லி, தணலில் போடவேண்டும். பிறகு முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். ஊரில் ஒரு நாளைக்கு மூன்று வீட்டில் நடக்கும். இங்கே ஐந்து குடும்பத்துக்கு ஒரே குசினி. அதற்குள் செத்தலைச் சுட்டால் கண்ணீர்ப்புகை என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

அது இவர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் மாதம். வீட்டுக்கு வீடு தெருவோரத்தில் தகரப் பேணி வைத்துக் கடதாசிக் காசு எரிப்பார்கள். அந்த வருடம் பயத்தில் குறைத்து எரித்தார்கள், ஆனாலும் எரித்தார்கள். பாக்கியம் அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தாள்.

"எல்லாரும் றோட்டுக் கரையில பேணி வைச்சு எரிக்கினம். என்ர பேணி மட்டும் தனியாத் தெரியப்போகுதோ?" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

4

விளக்கு வைக்கும் நேரம். ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. சின்னத் தூறல். பாக்கியம் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பால்மாப் பேணியில் கரித்தணலைப் போட்டு, மூடியால் பாதி மூடி, பிள்ளையின் தலையைச் சுற்றித் துப்பவைத்ததையெல்லாம் மற்றக் கையில் பொத்திக்கொண்டு இறங்கினாள். நான் மேலே யன்னலில் நின்றேன். மொக் கடைக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டு தலையாட்டினார். அவளும் ஆட்டினாள். மூலையில், அவர் கடையிலிருந்து நாலு அடி தள்ளிப் பேணியை வைத்தாள், மூடியை எடுத்தாள், பொத்தியதைத் தணலில் போட்டாள், திரும்பிப் பாராமல் படியேறி வந்தாள்.

நாவூறு இருந்தால் செத்தல் எரியும்போது நெடி வராது என்று சொல்வார்கள். அன்று தெரு முழுக்க நெடி. எனக்குத் தும்மல் வந்தது. பிறகு கடுகு வெடிக்கத் தொடங்கியது. பட், பட், படபட. எங்கள் ஊரில் தாளிக்கும் சத்தம்தான். அந்தத் தெருவில் அப்படி யார் கேட்பார்கள்? எதிரே தேநீர்க் கடையிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். கடைகள் கதவைச் சடசடவென்று இழுத்து மூடின.

மொக் மட்டும் ஓடவில்லை. அவர் கடைக்குள் இருந்து நிலக்கரி இடுக்கியை எடுத்துவந்தார். புகைந்துகொண்டிருந்த பேணியை அதால் பிடித்துத் தூக்கி, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுத்தெருவுக்குக் கொண்டுபோனார். வீடுகளிலிருந்து தள்ளி வைக்கத்தான். அவர் குனிந்து அதைத் தெருவில் வைத்த நேரம் பார்த்துப் பொலிஸ் ரோந்து மூலை திரும்பியது.

துவக்கை நீட்டினார்கள். அவர் கையைத் தூக்கினார். இடுக்கி கீழே விழுந்தது. குப்புறப் படுக்கவைத்தார்கள், முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். மனைவி உள்ளே இருந்து அலறிக்கொண்டு வந்தாள், அவளைத் தள்ளிவிட்டார்கள். வண்டியில் ஏற்றினார்கள். பேணியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள்.

"ஐயோ, அது எங்கட பேணி" என்று பாக்கியம் யன்னலில் இருந்து கத்தப்போனாள். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன்.

5

"அவர் என்னைக் கண்டவர். தலையாட்டினவர்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்டவர் சொல்வார். அடித்துக் கேட்டால் யார்தான் சொல்லமாட்டார்? படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் நான் எழும்பிச் சட்டையைப் போட்டேன். விடியும்வரை யாரும் வரவில்லை. விடிந்ததும் பாக்கியம் தலை வாரிக்கொண்டு நல்ல சேலையை எடுத்தாள்.

"ஆரும் வரேல்லை. அப்ப அவர் சொல்லேல்லை."

"அதுக்கு?"

"அதுக்கு நாங்கள் போய்ச் சொல்லவேணும்."

"உமக்கு விசரே? இது இலேசான கதையில்லை. வேலை போகும், விசா போகும். எங்களைக் கப்பலில ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். ஊரில போய் என்ன செய்யிறது? உம்மட அப்பரோட கரைவலை இழுக்கிறதே?"

"இழுத்தால் கை தேஞ்சு போகுமோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த மனிசனுக்கும் பெண்சாதி இருக்கு. தம்பிக்காரன் ஏற்கெனவே வேலைநிறுத்தக்காரரோட. பேணியில ஒண்டும் இல்லையெண்டாலும் விடமாட்டாங்கள். நீங்கள் வராட்டில் நான் தனியப் போறன். எனக்கு இங்கிலீசு ஏலாது. பேணியை வாங்கி இன்னொருக்கால் செய்து காட்டுவன்."

செய்வாள். எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நானும் கிளம்பினேன்; என்னை நல்லவன் என்று யாரும் எண்ணவேண்டாம்.

பொலிஸ் நிலைய வாசலில் மணல் மூட்டை, முட்கம்பி. உள்ளே தூக்கமில்லாத கண்களோடு ஓர் இளம் ஆங்கில அதிகாரி இருந்தார். நான் பத்து வருடமாகக் கப்பல் பத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறவன். நாவூறு என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கண்ணால் வரும் வருத்தம், அதற்கான சடங்கு என்றேன். எங்கள் மகளுக்குக் கண்ணில் வருத்தம் என்று அவர் விளங்கிக்கொண்டார். கண் ஆஸ்பத்திரி வேறு இடத்தில், இங்கே ஏன் வந்தாய் என்று எரிந்து விழுந்தார்.

"என்னவாம்?" என்றாள் பாக்கியம்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போகட்டாம்."

பாக்கியம் என்னை விலக்கிவிட்டு மேசைக்கு முன்னால் போனாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த செத்தலையும் உப்பையும் கடுகையும் அவருடைய மேசையில் கொட்டினாள். "பேணிக்குள்ள இதுதான் இருக்கும். பாக்கச் சொல்லுங்கோ" என்றாள். கதவருகில் காவல் நின்ற பாகிஸ்தான்காரப் பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. தன் தலையைச் சுற்றி மூன்று தரம் கையைச் சுழற்றிக் காட்டி, இதுதானா என்று கேட்டார். "ஓம், ஓம்!" என்று கத்தினாள் அவள். அவர் அதிகாரியின் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். தன் தாயும் செய்வாள் என்றாராம், பிறகு அவரே என்னிடம் சொன்னது.

பேணியை ஆராய்ந்தவர்கள் வெடிமருந்து இல்லையென்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் பயமுறுத்துவதற்கு வெறும் பேணி வைத்தாலும் அப்போது சிறைதான். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பெண்ணை உள்ளே போட்டால் தான் எழுதவேண்டிய விளக்கத்தை மேலே இருப்பவர்கள் நம்புவார்களா என்று என்னிடமே கேட்டார். பிறகு பொதுவாக வெள்ளைக்காரர் வாயில் வராத சொற்களால் என்னை ஏசினார். இனித் தெருவில் ஒரு குச்சி கொளுத்தினாலும் நாடு கடத்துவேன் என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

மொக்கை மத்தியானம் விட்டார்கள். நாங்கள் வாசலில் காத்து நின்றோம். அவருடைய உதடு பிளந்திருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் எங்களைப் பார்த்தார், தெருவின் மறுபக்கத்துக்குப் போய் நடந்தார். கோபம் என்று நினைத்தேன். எங்களோடு நடந்தால் எங்களையும் யாராவது சந்தேகிப்பார்களே என்று அவர் விலகிப் போனதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

6

முடிந்தது என்று நான் அன்று வயிறாரச் சாப்பிட்டேன். சுமதியும் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மொக் கடையின் கதவில் ஒரு பெரிய காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்து. எங்கள் பண்டகசாலைக் கங்காணி சான் துறையடியிலிருந்து என்னோடு நடந்து வந்தவர், அதை வாசித்ததும் பேச்சை நிறுத்தினார். நான் விடாமல் கேட்டேன். பொலிஸின் நாய் என்று எழுதியிருக்கிறது, பெயர்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் என்றிருக்கிறது என்றார். அந்தத் தெருவிலிருந்து பிடிபட்ட வேறு ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. மொக் மட்டும் அடுத்த நாளே வந்துவிட்டார். சனத்துக்கு அது போதும். வானொலியில் இடதுசாரிகளைக் கேலி செய்த ஒருவரை வழியில் மறித்துக் காரோடு கொளுத்தியது அந்த மாதம்தான். சான் அதை நினைவுபடுத்திவிட்டு, இந்த வாசலில் நில்லாதே என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

உண்மையைச் சொல்லி அவரை வெளியே கொண்டுவந்தோம். அந்த உண்மைதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

பாக்கியம் சந்தையிலிருந்து வெறும் பையோடு வந்தாள்.

"மொக்கின்ர மனிசிக்கு ஒருத்தரும் சாமான் குடுக்கினமில்லை" என்றாள். "மீன்காரிக்கு முன்னால போய் நிக்கிறா. அவள் தலைக்கு மேலால பார்க்கிறாள். காசை நீட்டிக்கொண்டு நிக்கிறா, ஆரும் வாங்கினமில்லை. நான் வாங்கிக் குடுக்கப் போனன், வேண்டாம் எண்டு கையைத் தட்டிப்போட்டா."

ஒற்றைச் சப்பாத்தையும் உடைந்த கோப்பையையும் எவருக்கும் விற்கும் தெரு இது. அவளுக்கு ஒரு மீன் விற்கவில்லை.

"நான் போட்ட பேணியெண்டு இவையளுக்குச் சொல்லவேணும்" என்றாள்.

"எந்தப் பாஷையில சொல்லுவீர்?"

"பாஷை என்னத்துக்கு? சந்தை நேரத்தில, எல்லாருக்கும் முன்னால, அதே இடத்தில செய்வன்."

நாடு கடத்துவேன் என்று சொன்ன அதிகாரியின் முகம் என் கண்ணில் நின்றது. குச்சி கொளுத்தினாலும் என்று சொன்னவர். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிளந்த உதட்டோடு தெருவின் மறுபக்கத்தில் நடந்த மனிதரும் நினைவில் வந்தார். "அப்ப ஸ்டூலை நான் கொண்டுவாறன்" என்றேன். பாக்கியம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

7

காலைச் சந்தை நிரம்பும் நேரம். பாக்கியம் மழைக்கோட்டுப் போடவில்லை. மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். தெருவின் அந்தலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஒரு கையில் தணல் போட்ட புதுப் பால்மாப் பேணி, மறுகையில் செத்தல். நான் ஸ்டூலை முச்சந்தியில், மொக் கடைக்கு நேரே வைத்தேன். ஸ்டூல் கல்லில் தட்டிச் சத்தம் போட்டது.

பேணியைக் கண்ட மாத்திரத்தில் தெரு விலகியது. கூடைகளைத் தூக்கினார்கள். இரண்டு கடைக் கதவுகள் விழுந்தன. யாரோ அன்னாசி என்று கத்தினார்கள்.

"மொக் சாங்!" என்று பாக்கியம் கூப்பிட்டாள். மொக் ஐயா என்பதற்கு இங்கே அப்படித்தான். அலைக்கு மேலால் கூப்பிடும் குரல். "வா! இரு!" தெரிந்த சீனச் சொற்களில் இரண்டு.

அரைக் கதவுக்குள்ளே மொக் நின்றார், அசையவில்லை. மனைவி அவருடைய கையைப் பிடித்திருந்தாள்.

தேநீர்க் கடையிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். வெள்ளைச் சட்டை, மடித்த கை. பேணியைக் காலால் உதைத்தான். தணல் தெருவில் சிதறியது. ஒரு துண்டு பாக்கியத்தின் பாதத்தில் விழுந்தது. அவள் "ஸ்" என்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. அவன் என்னைவிட ஒரு முழம் உயரம்.

பாக்கியம் அவனைப் பார்க்கவே இல்லை. குந்தியிருந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, தணலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணியில் போட்டாள். தெரு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசித் துண்டு ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது ஸ்டூலின் கால்களுக்குப் பக்கத்தில் இரண்டு துணிச் சப்பாத்துகளைக் கண்டாள். மொக் வந்து இருந்துவிட்டார்.

அவள் எழும்பினாள். செத்தலையும் உப்பையும் கடுகையும் பொத்தி அவருடைய தலையைச் சுற்றினாள். ஊர்க் கண், உறவுக் கண், தெருக் கண், தேநீர்க் கடைக் கண் என்று தமிழில் உரத்துச் சொன்னாள். கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, எப்படி என்று தானே துப்பிக் காட்டினாள். வீங்கிய உதட்டால் மொக் துப்பினார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவதை அவர் வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்த்துக்கொண்டு துப்பினார்.

அவள் எல்லாவற்றையும் தணலில் போட்டாள். நெடி எழும்பியது. அன்றைக்கு எழும்பிய அதே நெடி. சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் இருமல் வந்தது. பிறகு கடுகு வெடித்தது.

பட், பட், படபடவென்று வெடித்தது. தெரு முழுக்கக் குந்தியது. மீன்காரி தராசோடு குந்தினாள், தேநீர்க் கடைக்காரர் மேசைக்கடியில் போனார், வெள்ளைச் சட்டை இளைஞன் தலையைக் கையால் மூடிக்கொண்டு நிலத்தில் கிடந்தான். மொக் மட்டும் ஸ்டூலில் நிமிர்ந்து இருந்தார். பாக்கியம் சேலைத் தலைப்பால் பேணியைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கடுகு வெடித்து முடிந்தது.

முதலில் எழும்பியவள் மீன்காரி. பேணிக்குள் எட்டிப் பார்த்தாள். கருகிய செத்தல் ஒன்றை எடுத்து மணந்தாள், தும்மினாள். பாக்கியத்தைப் பார்த்தாள், மொக்கின் கண்ணைப் பார்த்தாள். நீயா என்று பாக்கியத்தின் நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. பாக்கியம் தன் நெஞ்சில் கையை வைத்து, ஓம் என்று தலையாட்டினாள். மீன்காரி கிடந்த இளைஞனுக்கும், எழும்பிக்கொண்டிருந்த தெருவுக்கும், தன் தலைக்கும் சேர்த்து ஒரு பெரிய ஏச்சு ஏசினாள்.

பிறகு மொக் கடைக் கதவடிக்குப் போனாள். ஈரக்கையால் சிவப்பு எழுத்துக் காகிதத்தைத் தேய்த்தாள். பசை இளகியது. அதை உரித்து எடுத்துக்கொண்டு தன் தட்டுக்கு வந்து, துள்ளிய மீன் ஒன்றை அடித்து, அந்தக் காகிதத்திலேயே சுற்றி மொக்கின் மனைவியிடம் நீட்டினாள். விலையையும் சொன்னாள்.

மொக்கின் மனைவி மீனை வாங்கவில்லை. காகிதத்தைப் பிரித்து, செவிளைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மீனுக்கு இவ்வளவு விலையா என்று மற்றக் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடிக்கத் தொடங்கினாள்.